ஒன்பதாம் மாடியில் தரை

முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். நரி வழக்காடியதாகவும் நாரை தீர்ப்புச் சொன்னதாகவும் வகுப்பில் ஆயிரம் கதைகள் கட்டியிருக்கிறேன். அவை பொய் என்பது எனக்கும் தெரியும். கேட்ட பிள்ளைகளுக்கும் தெரியும். இப்போது எழுதப்போவதில் ஒரு சொல்லைக்கூட நான் கட்டவில்லை. நேரங்களை அப்போதைக்கப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தேன். நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்தால் அந்தக் குறிப்பேட்டைக் காட்டுகிறேன்.

என் பெயர் ஷூவே காங்நியன். கான்சு மாகாணத்தில் ஒரு சிற்றூர். ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டு, டிசம்பர் மாதத்தில், சோங்சிங் நகரத்தை ஐந்து நாள் சுற்றிப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். ரயில் நிலையத்தில் என் மகள் ஜிங்யீ என் தோள்பையைக் கழற்றி மார்புப் பக்கமாக மாட்டிவிட்டாள்.

"அப்பா, பையிலேருந்து கையை எடுக்காதீங்க. யாராவது ரொம்ப அன்பாப் பேசினா நகர்ந்து வந்துடுங்க."

"அன்பாப் பேசினா ஏன்டி நகரணும்?"

"பெரிய ஊர்ல சும்மா யாரும் அன்பாப் பேச மாட்டாங்கப்பா. ஏதோ வேணும்னுதான் பேசுவாங்க."

இரவு முழுவதும் ரயிலின் தடதடப்பில் இந்த வாக்கியமே ஓடிக்கொண்டிருந்தது. சோங்சிங்கில் இறங்கியபோது நான் ஊர் பார்க்க வந்தவனாக இல்லை. திருடனைப் பார்க்க வந்தவனாக இருந்தேன்.

நான் அறை எடுத்திருந்த கட்டடம் மலைச்சரிவில் சாய்ந்து நின்றது. ஆற்றங்கரைச் சாலையிலிருந்து எட்டு மாடி ஏறிப் பெங் அம்மாளின் விடுதிக் கதவைத் தட்டினேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த அம்மாள் மிளகாய் எண்ணெய் வடியும் கரண்டியோடு வந்து திறந்தார். நான் ஆசிரியர் என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தேன்.

"எட்டு மாடிக்கே இப்படி இரைக்குதே வாத்தியாரே! உங்க ஊர்ல மாடியே கிடையாதா?"

"இருக்கும்மா. ரெண்டு."

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கரண்டியை நீட்டி எச்சரித்தார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. இந்தக் கட்டடத்துக்கு ரெண்டு தரை. ஒண்ணாம் மாடிக்கு இறங்கினா ஆத்தங்கரை ரோடு. பன்னெண்டாம் மாடிக்கு ஏறினா மேல்தெரு. நடுவுல எங்கயும் தரை கிடையாது. லிஃப்டும் கிடையாது. ரெண்டு காலை நம்பித்தான் இங்க குடும்பம் நடத்தறோம்."

அன்று மாலை 3.40. மேல்தெருவைப் பார்க்க ஏறத் தொடங்கினேன். ஒரே மாடி ஏறியதும் வலது முழங்கால் முரண்டு பிடித்தது. ஒன்பதாம் மாடித் திருப்பத்தில் நின்று தேய்த்துக்கொண்டேன்.

"மூட்டு வலியா வாத்தியாரே?"

திரும்பினேன். தாழ்வாரத்தின் முனையில் ஒருவர் நின்றிருந்தார். கையில், இரு முனையிலும் சுமை கட்டித் தோளில் தூக்கும் மூங்கில் காவுதடி. அதில் சுற்றிய நீலக் கயிறு. அந்த ஊரில் படிக்கட்டுக்குப் படிக்கட்டு நிற்கும் சுமைக்காரர்களில் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருந்தது. கதவுக்கு அப்பால் வெண்மையான மூடுபனி.

"இன்னும் மூணு மாடி ஏன் ஏறணும்? இங்கயே பாலம் இருக்கு. நேரா மேல்தெரு. வாங்க."

"நடுவுல தரை கிடையாதுன்னு அந்த அம்மா..."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க."

நான் வாத்தியார் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? பெங் அம்மாள் போட்ட சத்தம் ஒரு மாடி மேலே கேட்டிருக்கும். அல்லது இருவரும் கூட்டாளிகள். பையை இறுக்கிக்கொண்டேன். ஆனாலும் முழங்கால் சொன்னதைத்தான் கேட்டேன்.

நடக்கும்போது அடிகளை எண்ணுவது என் பழக்கம். பாலம் முப்பத்து நான்கு அடி. இடப்பக்கம் இரும்புக் கைப்பிடி, தொட்டால் பனிக்கட்டி போலச் சில்லென்றிருந்தது. கீழே எதுவும் தெரியவில்லை. மேல்தெருவில் கால் வைத்தேன். அவர் பாலத்தின் விளிம்பிலேயே நின்றுகொண்டார்.

"கூலி எவ்வளவு?"

"உங்ககிட்ட கூலி வாங்குவேனா? எத்தனை நாள் தங்கறீங்க?"

"அஞ்சு நாள்."

"மூணு நாள் போதும்," என்றார்.

எதற்குப் போதும்? கேட்க வாய் திறப்பதற்குள் பனிக்குள் போய்விட்டார்.

மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது பாலத்தைக் காணவில்லை. அது முடிந்த இடம் என்று நான் நினைத்த இடத்தில் ஒரு பழக்கடை இருந்தது.

"பாலமா? இங்கயா?" கடைக்காரர் ஆரஞ்சு உரித்தபடியே சொன்னார். "தாத்தா, என் கடைக்குப் பின்னாடி சுவரு. சுவருக்குப் பின்னாடி காத்து. எதுல போறீங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெளியூர்க்காரனைக் கேலி செய்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு பன்னிரண்டாம் மாடி வழியாக இறங்கி வந்தேன்.

அறையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் சில விஷயங்கள் உறுத்தின. அந்தச் சுமைக்காரரின் கால்களில் பளபளக்கும் தோல் காலணிகள். படிக்கட்டில் சுமை தூக்குகிறவர் எவரும் அவற்றை அணிவதில்லை. காவுதடியை அவர் குடையைப் போலப் பிடித்திருந்தார். பேச்சிலோ வடக்கத்தி வாடை. சோங்சிங்காரர்களின் கறார் துளியும் இல்லை.

பெங் அம்மாளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரும் கூட்டாளியாக இருந்தால்? தொலைபேசியில் மகளிடம் மட்டும் சொன்னேன்.

"வேஷக்காரன்பா அவன்! மூணாவது நாள் பையைப் பிடுங்கிட்டு ஓடப்போறான் பாருங்க."

பிள்ளைகளுக்கு நான் ஒரு முயலின் கதை சொல்வதுண்டு. வெளியே நரி இருக்குமோ என்று சந்தேகித்துத் தன் வளையின் வாயைக் கல்லால் அடைத்துக்கொண்டது அந்த முயல். பாம்பு உள்ளே இருந்தது. கதையை முடித்துவிட்டு, "முயல் என்ன தவறு செய்தது?" என்று கேட்பேன். அன்றிரவு அந்தக் கேள்வி எனக்கே வந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

புதன்கிழமை. காலை 7.15.

அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். நின்ற விதத்தைப் பார்த்தால் இரவெல்லாம் அங்கேயே நின்றதுபோல் இருந்தது. முழங்காலை நினைத்துப் பேசாமல் பின்தொடர்ந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... என் காலடி ஓசை இரும்பில் டங், டங் என்று கேட்டது.

என்னுடையது மட்டும்.

தோல் காலணி அணிந்தவரின் காலடி கேட்கவில்லை.

பாதி வழியில் காவுதடியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். அதில் சுமை எதுவும் இல்லை. ஆனால் மூங்கில் வளைந்திருந்தது. க்ரீச்... என்று முனகியது.

"தோள் கடுக்குது வாத்தியாரே."

"எத்தனை வருஷமா இந்த வேலை?"

"ரெண்டு."

"விட்டுட்டுப் போகலாமே?"

"மாத்து ஆள் வந்தா போகலாம்."

வேலை நேரம் மாறுவதைச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு சாப்பாட்டின்போது அந்தச் சொல் மறுபடி நினைவுக்கு வந்தது. மாற்று ஆள்... எங்கள் பக்கத்தில் கிணற்றில் விழுந்து செத்தவர்களைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். செத்த இடத்தை விட்டு அவர்களால் நகர முடியாது. அதே இடத்தில் இன்னொருவர் செத்து மாற்றாளாக நின்றால்தான் விடுதலை. அதற்காகக் காத்திருப்பார்கள், அன்பாகக் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் இதை மூடநம்பிக்கை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். எனவே சிரித்துக்கொண்டேன். அவர் பைத் திருடன்தான் என்று முடிவு செய்தேன். நாளை கையும் களவுமாகப் பிடித்து, இனி எந்த வெளியூர்க்காரனும் ஏமாறாமல் செய்வதென்றும் முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை. காலை 7.15.

மூடுபனி தாழ்வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. கதவின் பக்கத்தில் ஒரு நீளப் பலகை சுவரில் ஒழுங்காகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நேற்றும் இருந்ததா? நினைவில்லை.

"வாங்க," என்றார்.

இடக்கை கைப்பிடியில். வலக்கை மார்பிலிருந்த பையில்.

பத்து... பதினொன்று... பன்னிரண்டு...

பதினேழாவது அடியில் நின்றார். திரும்பினார். முதல்முறையாக அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். களைப்பு. வேறொன்றும் இல்லை. ஒரு மனிதன் இவ்வளவு களைத்துப்போக முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

காவுதடியை இரு கைகளாலும் ஏந்தி, தலை குனிந்து, என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் பிடிங்க வாத்தியாரே. ஒரே நிமிஷம்."

இரண்டு கைகளால் கொடுப்பதை இரண்டு கைகளால் வாங்க வேண்டும். எங்கள் நாட்டில் குழந்தைக்கு நடை பழகுவதற்கு முன்பே இது பழகிவிடும். ஒற்றைக் கையால் வாங்கிய பிள்ளையை நான் வகுப்பில் ஒருநாளும் விட்டதில்லை. திரும்பக் கொடுக்கச் சொல்லி, மறுபடி வாங்க வைப்பேன்.

என்னை அறியாமலே இடக்கை கைப்பிடியை விட்டது.

வலக்கையும் எழுந்தது... பாதி வழியில் நின்றது.

பை!

இரண்டு கைகளும் தடியில் இருந்தால் பையை யார் பிடிப்பார்கள்? இதுதானா உன் தந்திரம்? வலக்கை பையைப் பற்றிக்கொண்டது. இடக்கை கைப்பிடிக்குத் திரும்பியது.

"மன்னிக்கணும். நான் வாங்கறதில்லை."

அவர் குனிந்தபடியே இருந்தார்.

"ரெண்டு கையாலயும் வாங்கணும்னு... நீங்கதானே சொல்லிக் கொடுப்பீங்க?"

இதை நான் அந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

"வாங்கிக்கோங்க வாத்தியாரே..."

மூங்கில் முனகியது. க்ரீச்...

"வாங்கிக்கோங்க..."

தடி என் மார்பைத் தொட்டது.

ஐஸ்.

"வாத்தியாரே! அசையாதீங்க!"

பின்னாலிருந்து ஒரு கூச்சல். பெங் அம்மாள்.

கண்ணை இமைத்தேன்.

எதிரே யாரும் இல்லை.

பாலமும் இல்லை.

பதினேழு அடி நடந்த என் கால்கள், கதவுக்கு ஒரே எட்டு வெளியே, ஒரு முழ அகலமுள்ள உடைந்த கான்கிரீட் நீட்டலில் நின்றன. என் இடக்கை, சுவரிலிருந்து துருத்திய துருப்பிடித்த கம்பியைப் பற்றியிருந்தது. அதற்குக் கீழே ஒன்பது மாடி வெறும் காற்று. அடியில் ஆற்றங்கரைச் சாலையின் வாகன விளக்குகள் எறும்புபோல் ஊர்ந்தன.

சட்டைக் காலரை ஒரு கை பற்றியது. தாழ்வாரத்துக்குள் மல்லாந்து விழுந்தேன். காலை 7.19.

"கிழவா! சாகறதுக்கு ஊர்ல இடமே கிடைக்கலையா? என் விடுதிதான் கிடைச்சுதா?" அவர் திட்டினார், திட்டிக்கொண்டே அழுதார். உப்புக்கண்டம் காயப்போட ஒன்பதாம் மாடிக்கு வந்தாராம். கூடை கவிழ்ந்து, இறைச்சித் துண்டுகள் தாழ்வாரமெங்கும் சிதறிக் கிடந்தன. "கதவுக்குக் குறுக்கே ஆணி அடிச்சு வெச்ச பலகை! நானே அடிச்ச ஆணி! எப்படிக் கழட்டினீங்க?"

நான் கழற்றவில்லை. சொன்னேன். அவருடைய சமையலறையில் உட்கார்ந்து, தொடாத நூடுல்ஸ் கிண்ணத்தின் முன்னால், முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

பாலத்தைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே இடித்துவிட்டார்களாம்.

"அப்போ அது மேல சுமை தூக்கிட்டுப் போன யாராவது விழுந்து செத்தாங்களாம்மா?"

"இடிக்கறப்ப ஒருத்தர் விழுந்தார். நம்ம ஊர் சுமைக்காரர்தான். குட்டையா, வழுக்கைத் தலை."

"இவர் உயரம். தலை நிறைய முடி. தோல் காலணி. வடக்கத்திப் பேச்சு."

பெங் அம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்துபோய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து வந்தார்.

அவர்தான். கோட்டும் கழுத்துப் பட்டையுமாக ஒரு பியானோவின் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"கு பாவ்லின். வடக்கே தியான்ஜின்காரர். பியானோ ரிப்பேர் பண்றவர். ரெண்டு வருஷம் முன்னாடி, உங்களை மாதிரியே தனியா ஊர் பார்க்க வந்தார். உங்க ரூம்தான். மூணாவது நாள் காலையில... அந்தக் கதவு வழியா." குரல் இறங்கியது. "அப்புறம்தான் ஆணி அடிச்சேன் வாத்தியாரே. ஜாக்கிரதையா இருங்கன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா யாரு தங்குவாங்க?"

பெங் அம்மாள் மேல் கோபம் வரவில்லை. அவரைக் கேட்டிருக்க வேண்டியவன் நானும்தான்.

"அவர் கையில காவுதடி எப்படி வந்தது? பியானோக்காரருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

பெங் அம்மாள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பிணத்தை அடையாளம் காட்ட அவர் சம்சாரம் தியான்ஜின்லேருந்து வந்தாங்க. நான்தான் கூடப் போனேன். முகத்தைப் பார்த்ததும் 'இவர்தான்'னு அழுதாங்க. துணியை விலக்கினப்ப அழுகை நின்னுடுச்சு. வலது தோள்ல உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு. கருத்து, மரம் மாதிரி, இடிக்கறப்ப விழுந்த அந்தச் சுமைக்காரர் தோள்ல இருந்த மாதிரியே. முப்பது வருஷமாவது தடி சுமந்திருந்தாத்தான் அப்படிக் காய்க்கும்னு டாக்டர் சொன்னார். இந்த ஊருக்கு வந்து மூணே நாள் ஆன மனுஷனுக்கு."

"அப்புறம்?"

"அந்த அம்மா காகிதத்துல கையெழுத்துப் போடவே இல்ல வாத்தியாரே. முகம் என் வீட்டுக்காரரோடதுதான், ஆனா இந்தத் தோள் வேற யாரோடதோன்னு சொல்லிட்டு, வந்த ரயில்லயே திரும்பிப் போயிட்டாங்க."