எங்கள் நீண்ட ஜெபம்

எண்பதுகளில் வாழவந்தியில், எஸ்டேட்டில் மரத்திலிருந்து விழுந்து செத்தவரின் மனைவிக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் குழாயடிச் சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. சமாதானம் பண்ணிவைக்கச் சபையிலிருந்து நாலு பெண்கள் பஸ் ஏறிப் போனோம்.

"காலையில நல்லாத்தானுங்க போனாரு" என்று செத்தவர் மனைவி ஆரம்பித்ததுமே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அழாத கண்ணு, ஜெபம் பண்ணலாம்" என்று அவள் வாயை அடைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மன்னிப்பு, பரலோகம் என்று நீட்டி முழக்கினேன்.

ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது அவளைக் காணோம். பின்பக்கம் எட்டிப் பார்த்தோம். அதே பக்கத்து வீட்டுக்காரியிடம், நான் அவள் பேச்சை நிறுத்திய இடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவள் பாதி தேய்த்த குண்டானை அப்படியே வைத்துவிட்டு, "அப்புறம் என்னாச்சு கண்ணு?" என்றாள்.

சத்தம் கேட்டு அவர்கள் பேச்சு நின்றுவிடக் கூடாதென்று, நாலு பேரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை நடந்தோம்.