ஒரு பிடி தேயிலைத் தூளுக்கு வாங்கிய பூனை

அன்று மூன்றரை மணிக்கு மலைச்சரிவிலிருந்து இறங்கியபோது திலகாவின் தோளில் கொழுந்து வெட்டும் கத்தரி இருந்தது, மனசில் சுடுதண்ணீர் இருந்தது. வேறு எந்தத் திட்டமும் இல்லை. நாற்பத்தாறு வயது, தேயிலைக் காட்டில் இருபத்தேழு வருஷம், மழை வந்தால் முன்கூட்டியே தகவல் சொல்லும் இடது முட்டி, எஸ்டேட் லோரி ஓட்டும் கணவர் நாகரத்தினம். ஊரைத் திருத்துகிறேன் என்று அவள் யாரிடமும் பெயர் கொடுத்திருக்கவில்லை.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு கங்காணி திருமாறனுடையது. வீட்டுக்கு முன்னால் குழாய், குழாய்க் கம்பத்தில் சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி. பின்னங்காலில் கட்டிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். கால் வீங்கி, கயிறு தோலுக்குள் புதைந்து, எங்கே கயிறு முடிகிறது எங்கே காயம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. திருமாறன் அதன் மேல் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். கேமரன் மலைக் குழாய்த் தண்ணீரின் குளிர் எப்படி என்றால், அதில் முகம் கழுவும் பெரிய மனிதர்களே சாமி பெயரைச் சொல்லிக் கத்துவார்கள்.

"என்ன கங்காணி, குளிப்பாட்டுறீங்களா?"

"பாடம் நடத்துறேன். எந்நேரமும் கத்திக்கிட்டே இருக்கு."

"கயிறு கால அறுக்குதே."

"அறுக்கட்டும். என் வீட்டுப் பூனை, என் வீட்டுக் கயிறு. உனக்கு என்னா லா?"

சொல்லிவிட்டு, பாடத்தின் அடுத்த பகுதியாக, குட்டியை ஓர் உதை விட்டார். கயிற்றின் நீளம் வரை பறந்து, கயிறு இழுத்ததும் திரும்பி விழுந்தது. இந்த முறை அது கத்தவில்லை. அதுதான் திலகாவுக்குப் பொறுக்கவில்லை.

ஒரே வெட்டு. ஒரு நாளைக்கு நூறு கிலோ கொழுந்து வெட்டும் கத்தரிக்கு ராஃபியா ஒரு பொருட்டா? குட்டியை எடுத்து இடுப்பில் கட்டியிருந்த சாக்குக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். பின்னால் திருமாறன் போட்ட சத்தத்தில் லயத்தின் பதினெட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். அதில் ஒரு வாசலில், சத்தம் இல்லாமல், திருமாறனின் மனைவி புனிதாவும் நின்றாள்.

நாகரத்தினம் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"யார் வீட்டுது?"

"நம்ம வீட்டுது."

"எப்பேருந்து?"

"இப்பேருந்து."

"திலகா, அந்த ஆளு காட்டுல உனக்குக் கங்காணி. கோயில்ல நமக்கெல்லாம் தலைவரு. வேற பூனையே கிடைக்கலையா உனக்கு?"

"அடிபட்டது இதுதான. தண்ணி சுட வைங்க. அப்படியே உங்க ஸ்டோக்கின் ஒண்ணு குடுங்க."

சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலுக்கு அந்தக் காலுறையை மாட்டி, துண்டு விரித்த பிஸ்கட் பெட்டிக்குள் வைத்தாள். குட்டி அதன் மேல் தலையைச் சாய்த்தது. நாகரத்தினம் ஒற்றைக் காலுறையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் லயமே நலம் விசாரிக்க வந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு எப்படி வருவார்களோ அப்படி. வெறுங்கையோடு வந்தால் மரியாதையா? வந்தவர்கள் எல்லாம் டின் பால் கொண்டுவந்தார்கள். நாம் மூன்று தலைமுறையாகத் தேத்தண்ணியில் கலந்து குடித்து வளர்ந்த பால், பூனைக்கு மட்டும் ஆகாமலா போகும்? ஆளுக்கு ஒரு கரண்டி, அன்பாக, தடவிக் கொடுத்து ஊட்டினார்கள். சாயங்காலத்துக்குள் குட்டிக்கு வயிறு இளகி, கண் உள்ளே போய், துணி மாதிரி துவண்டுவிட்டது. கங்காணியின் உதையில் சாகாத குட்டியை லயத்தின் பாசம் பாதி கொன்றுவிட்டது.

அன்றே தானா ராத்தா டவுனில் மிருக டாக்டர் ஹஃபீசா அதைத் தூக்கிப் பார்த்தாள். தமிழ் முஸ்லிம் உணவுக் கடைக்காரர் மகள், நல்ல தமிழ் பேசுவாள், அதைவிட நன்றாகத் திட்டுவாள்.

"அக்கா, டின் பால் குடுத்தீங்களா?"

"நான் ஒரு கரண்டிதான் குடுத்தேன்."

"மத்தவங்க?"

"என்னையும் சேத்துப் பதினோரு வீடு. மொத்தம் பதினெட்டு."

ஹஃபீசா கண்ணை மூடித் திறந்தாள். "நல்ல வேளை, லயத்துல இன்னும் ஏழு வீடு பாக்கி." பிறகு காலில் புதைந்திருந்த கயிற்றை ஒவ்வோர் இழையாக எடுத்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. "பாதத்துக்கு ரத்தமே போகல. ஒரு வாரம் பாக்கலாம். தேறலைன்னா பாதத்த எடுத்துடணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா இந்தப் பால், ஊசிக் குழாயில, சொட்டுச் சொட்டா. காயத்துக்கு மருந்து நாளுக்கு மூணு தரம். முடியுமா?"

"முடியும்."

"வேலைக்குப் போறீங்களே?"

"அதான் முடியும்னு சொல்லிட்டேனே."

அவள் சொன்னால் சொன்னதுதான். அது ஒரு குணம் என்று சிலர் சொல்வார்கள், நோய் என்பார் நாகரத்தினம். பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் மற்றவர்கள் உட்கார்ந்தபோது திலகா சரிவில் இறங்கி வீட்டுக்கு ஓடினாள், குட்டியின் வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள், திரும்ப ஓடி ஏறினாள். லோரிக்கு ஏற்றும் வேலை இல்லாத நேரமெல்லாம் நாகரத்தினம் பார்த்துக்கொண்டார். "எனக்குப் பூனை பிடிக்காது" என்று ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு தரம் அதனிடமே சொல்லிவிடுவார், அது மனசு உடையாமல் கேட்டுக்கொள்ளும்.

திருமாறன் சும்மா இருப்பாரா? மறுநாளே திலகாவுக்குப் பள்ளத்தாக்கு ஓரத்துச் சரிவை ஒதுக்கினார். ஆடுகூட யோசித்துத்தான் ஏறும் இடம் அது. வீட்டுக்கு அங்கிருந்து இருபது நிமிஷம். தேத்தண்ணி நேரம் பதினைந்து நிமிஷம். கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருந்தார். திலகாவும் கணக்குப் போட்டாள். அதற்கடுத்த நாள் குட்டி அவள் சட்டைக்குள், நெஞ்சோடு கட்டிய துணிக்குள், மழைக்கோட்டுக்கு அடியில் படுத்து அந்தச் சரிவில் வேலைக்கு வந்தது. அங்கே அவ்வளவு செங்குத்து என்பதால் கங்காணி எட்டிப் பார்க்கவே இல்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் புனிதா வந்தாள். புருஷன் கணக்கெழுதும் கிராணியைப் பார்க்க எஸ்டேட் ஆபீசுக்குப் போயிருந்தார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். குளிர் ஊரில் முழுக்கைச் சட்டையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஊசிக் குழாயை வாங்கி, திலகாவைவிடப் பதமாகப் பால் கொடுத்தாள்.

"நாலு நாளு நான் அவருக்குத் தெரியாம சோத்துத் தண்ணி குடுத்தேன்க்கா. அதுக்கும் சேத்துதான் அடி விழுந்துச்சு."

"யாருக்கு?"

புனிதா சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை கோயில் கூட்டத்துல கேக்கப் போறாரு. குட்டி திரும்பி வந்தா மலைமேலேருந்து எறிவேன்னு சொல்லிட்டாரு. குடுத்துடாதீங்க."

லயத்துச் சண்டை கோயிலில்தான் தீரும். எங்கும் எழுதி வைக்காத, யாரும் மீறாத விதி. கோயில் தீர்ப்பைத் தட்டினால் தண்ணீர் கேட்டாலும் பக்கத்து வீடு யோசிக்கும். தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்காருவது திருமாறன். வழக்குப் போடுவதும் திருமாறன். திலகா இரண்டு நாள் கத்தரியைச் சாணை பிடித்துக்கொண்டே யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மாரியம்மன் திருவிழாவுக்குப் பந்தல் யார், ஒலிபெருக்கி யார் என்றெல்லாம் பேசி முடித்துவிட்டுத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பூனை சின்ன விஷயம். ஆனா ஒருத்தன் வீட்டுப் பொருள இன்னொருத்தர் அறுத்துத் தூக்கிட்டுப் போனா, நாளைக்கு யார் வீட்டுக் கோழி யாருக்குச் சொந்தம்?" கோழி வைத்திருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். அது தந்த உற்சாகத்தில் தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "அடிச்சேன்னு சொல்றாங்க. அத நான் என் புள்ள மாதிரி வச்சிருந்தேன். புள்ளைய நாம அடிக்கிறது இல்லையா? அது வீட்டுக்குள்ள கால வச்ச நாள்லேருந்து எனக்கு மோட்டார் சைக்கிள் கவுந்துச்சு, பல்லு உடைஞ்சுச்சு, எடுத்த லோட்டரி நம்பரு ஒண்ணு தள்ளி அடிச்சுச்சு. என் ராசிக்கே ஆகாத ஜென்மம். இருந்தாலும் என் புள்ள. அடிப்பேன், அணைப்பேன். அம்மா சாட்சியா சொல்றேன்!"

கற்பூரம் ஏற்றாத குறை. திலகா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். நெஞ்சோடு கட்டிய துணியிலிருந்து ஒரு சாம்பல் தலை வெளியே தெரிந்தது.

"பூசாரி ஐயா, ஒரு சந்தேகம். பெத்தவங்க ராசிக்கு ஆகாத புள்ள பொறந்தா நம்ம கோயில்ல என்ன செய்வோம்?"

பூசாரி இராமையாவிடம் தொழில் சம்பந்தமாக யாரும் கேள்வி கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. முகம் மலர்ந்தது. "அம்மாவுக்குக் குடுத்துடுவோம். அப்புறம் வேற ஒருத்தர் அம்மாகிட்டேருந்து வாங்கிக்குவாங்க. தோஷம் போயிடும். அதுக்கப்புறம் புள்ள வாங்கினவங்களுது."

மற்ற ஊர்களில் இப்படிப் பிள்ளை வாங்குவதற்குத் தவிடு கொடுப்பார்கள். நெல்லே விளையாத மலையில் தவிட்டுக்கு எங்கே போவது? முதலில் வந்தவர்கள் ஆலையில் கூட்டி எடுத்த தேயிலைத் தூளைக் கொடுத்தார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. லயத்தில் பாதிப் பேர் ஒரு பிடி தூளுக்கு வாங்கப்பட்டவர்கள்தான். தலைவரின் மூத்த மகனும் அப்படித்தான்.

"அது மனுஷப் புள்ளைக்கு!" என்றார் திருமாறன்.

"நீங்கதான கங்காணி புள்ளைன்னு சொன்னீங்க? அம்மா சாட்சியா?"

கோழிக்காரர்கள் இப்போது இந்தப் பக்கம் தலையாட்டினார்கள். தலைவர் அம்மனைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், தான் பேசிய பேச்சு எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று பார்த்தார். "சரி, என் மூத்த புள்ளைய அன்னைக்கு என் தங்கச்சி வாங்கிட்டு எங்கிட்டயே திருப்பிக் குடுத்தா. இதையும் அப்படித்தான குடுப்பாங்க?"

"அது வாங்கினவங்க மனசு" என்றார் இராமையா. "ஆனா ஒண்ணு. பெத்தவ கையால குடுக்கணும். பெத்தவ குடுக்காம நான் வாங்க மாட்டேன்."

திருமாறன் சிரித்தே விட்டார். "அதுக்குத் தாய்ப் பூனைய எங்க தேடுவீங்க?"

"எதுக்குத் தேடணும்? நான் இருக்கேன்."

புனிதா. அந்தக் கோயிலில் அவள் குரலைப் பாட்டுக்கு வெளியே யாரும் கேட்டதில்லை.

"ஏய், உக்காரு."

அவள் உட்காரவில்லை. பெண்கள் வழி விட்டார்கள். திலகாவின் துணியிலிருந்து குட்டியை எடுத்துப் படியில், அம்மன் எதிரே வைத்தாள். "எங்க வீட்டுக்கு ஆகலம்மா. எடுத்துக்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திருமாறன் ஓரடி முன்னால் வைத்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் பார்க்கும்போது அவர் எப்போதும் நல்லவர். அந்த அடியை அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டார்.

தூள் யார் கொண்டுவருவது என்று திலகா திரும்பினாள். நாகரத்தினம் ஏற்கெனவே மடைப்பள்ளிக்கு ஓடி, கூட்டத்துக்குத் தேத்தண்ணி போட வைத்திருந்த டின்னோடு நின்றுகொண்டிருந்தார். "ஒரு பிடி போதும்யா" என்றார் பூசாரி. "இருக்கட்டும் சாமி, நல்ல பூனை" என்றார் பூனை பிடிக்காத மனிதர்.

அதற்கப்புறம் எல்லாம் அழகாக முடியவில்லை. பாதம் தேறவில்லை, ஹஃபீசா அதை எடுத்துத் தைத்து, வாயில் விடும் மருந்தும் கொடுத்தாள். குட்டி இரண்டு நாள் பெட்டிக்குள் குப்புறப் படுத்துக்கிடந்தது, மூன்றாம் நாள் மூன்று காலோடு எழுந்து, விழுந்து, எழுந்து, மருந்து வைக்க வந்த திலகாவின் விரலைக் கடித்தது. "இதான் வேணும்" என்று அவள் விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னாள். காட்டில் அவளுக்கு இன்னும் அதே செங்குத்துச் சரிவுதான்.

புனிதா தினமும் வந்தாள். கொடுத்தவள் வந்து பார்க்கலாம், அதைத் தடுக்க எந்தக் கங்காணிக்கும் வழக்கம் இல்லை. பத்தாம் நாள் வந்தபோது குட்டியை மடியில் வைத்துத் தலையைத் தடவினாள்.

"அக்கா, வளந்தவங்கள அப்படி வாங்குவாங்களா?"

சிரிக்கத்தான் கேட்டாள். திலகா சிரிக்கவில்லை. நாகரத்தினம் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு லோரி தானா ராத்தா போகுதுல்ல? தையல் பிரிக்கணும். முன்னால மூணு பேரு உக்காரலாம். புனிதா, காலையில வரும்போது உன் ஐசிய எடுத்துக்கிட்டு வா."

"தையல் பிரிக்க எதுக்குடி ஐசி?" என்றார் நாகரத்தினம்.

"பூனைக்கு இல்லங்க. முதல்ல ஆஸ்பத்திரியில இவ கையக் காட்டணும். அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்ல எழுதணும். ரெண்டு எடத்துலயும் அடையாள அட்டை கேப்பாங்க."

புனிதா குட்டியின் வாயைப் பிளந்து, அது திமிறத் திமிற, ஊசிக் குழாயில் மிச்சமிருந்த மருந்தை முழுவதும் உள்ளே விட்டாள். பிறகு குழாயைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"எத்தன மணிக்குக் கெளம்புறோம்?"