சங்கரா மீனும் சிக்கன பல்பும்

மின்சாரத்தைச் சேமித்தால் பில் குறையும் என்று மக்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையை, இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், அரசாங்கம் என்னிடம் ஒப்படைத்தது. என் பேச்சை வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை என்பது அரசாங்கத்துக்குத் தெரியாது.

ராயபுரத்தில் வீட்டு வாசலில் மாலையில் மீன் விற்கும் ஓர் அம்மாவின் குண்டு பல்பை வாங்கி, மறுபடி மாட்டக் கூடாது என்ற விதிப்படி அங்கேயே உடைத்துவிட்டு, இலவச சி.எஃப்.எல். சிக்கன பல்பை மாட்டினேன். அந்த வெள்ளை வெளிச்சத்தில் சிவந்த சங்கராவெல்லாம் வெளிறிக் கிடந்தது.

வாங்க வந்தவர் குனிந்து பார்த்தார். "இன்னாமே, நேத்து மீனா?"

"காலைல வந்தது நைனா, செவுளத் தூக்கிப் பாரு!"

அவர் தூக்கவில்லை. அடுத்து வந்தவரும் நிற்கவில்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"பில்லு கொறையும்னியே சாரு, யாவாரம்ல கொறையுது! ஏம் பல்பைக் குடு."

உடைத்ததை எங்கே போய்க் கொடுப்பது?

மறுவாரம் போனேன். மீன் தட்டுக்கு மேலே புதிதாக வாங்கிய குண்டு பல்பு எரிந்தது.

"நாங்க கொடுத்தது எங்கேம்மா?"

"உள்ள எரியுது சாரு. இத்தினி நாளா ரூமு இருட்டாத்தான கெடந்துச்சி."

சிக்கனத்தின் பலனாக அந்த வீட்டில் ஒரு விளக்கு கூடியிருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் சங்கரா நன்றாகத்தான் இருந்தது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.