விழுந்தவள் எழும் வரைக்கும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், றகரத்துக்கும் ரகரத்துக்கும் இன்னும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சொல்லப்போகிற விஷயத்தில் பிழை இல்லை. அதற்குச் சாட்சியாக ஒரு கயிற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சுண்டுவிரல் பருமன், நீளமான வெள்ளைக் கயிறு. பழைய டேப்பின் பசை அங்கங்கே கறுத்து ஒட்டியிருக்கிறது.

பெங்களூரில் லிங்கராஜபுரம் பக்கத்தில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் ஸ்கேட்டிங் ரிங்கைப் பெருக்கிக் கழுவுவது என் வேலை. யாரும் வராமல் நாய் படுத்துக் கிடந்த தரை அது. அங்கேதான் கேப்டன் என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருவர், சக்கர ஷூ மாட்டிக்கொண்டு ஆடுகிற ரோலர் டெர்பி என்ற ஆட்டத்துக்குப் பெண்களுக்கென்று ஒரு லீக்கை ஆரம்பித்தார். விவேக் நகரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தவர். முதலில் நாலைந்து பேர் வந்தார்கள், பிறகு இரண்டு அணி சேர்ந்தது. பியூட்டி பார்லர் பெண், கால் சென்டர் பெண், ஒரு டீச்சர், ஒரு நர்ஸ். சாக்பீஸால் முட்டை வடிவத்தில் கோடு போட்டு, அதன்மேல் கயிற்றை வைத்து, கயிற்றின்மேல் டேப் ஒட்டுவார்கள். ஆடும்போது கண் எதிராளிமேல் இருக்கும், குனிந்து கோட்டைப் பார்க்க முடியாது. சக்கரம் கயிற்றில் ஏறினால் காலே சொல்லிவிடும், எல்லை வந்துவிட்டது என்று. ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டவள் எதிரணியைத் தாண்டி ஓட வேண்டும், மற்றவர்கள் இடுப்பாலும் தோளாலும் இடித்து மறிப்பார்கள். வேலிக்கு வெளியே நின்ற ஒரு ஆள், “என்னம்மா, பந்தையே காணோம்?” என்று கேட்டான். “நாங்கதான் பந்து. உள்ள வா, உதைச்சுப் பாரு” என்றார் கேப்டன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை. நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். அன்று வாளியைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது அடிபட்டு விழுந்தால் விசில் அடிக்கும். இரண்டு அணியும் நின்ற இடத்திலேயே ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். விழுந்தவள் எழும் வரைக்கும் யாரும் அசையக் கூடாது. எழுந்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நர்ஸ் பெண் கணுக்கால் பிசகி விழுந்தாள். எல்லோரும் முட்டி போட்டார்கள். அந்த நேரம் பார்த்து சங்கத்துச் செயலாளர் வேலியோரம் நின்று போனில் படம் எடுத்தார். மறுநாள் குடியிருப்பு முழுக்கப் பேச்சு, ரிங்கில் பிரேயர் மீட்டிங் நடக்கிறதாம்.

கேப்டனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் சங்க ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன். “சார், விழுந்தவ மேல யாரும் ஏறிடக் கூடாதுன்னுதான் முட்டி போடுறோம். எல்லா ஊர்லயும் இந்த ஆட்டத்துல இதான் வழக்கம்” என்றார் கேப்டன்.

“முட்டி போட்டா அதுக்குப் பேர் என்னம்மா? எங்களுக்குக் கண்ணு இல்லையா? அந்த நர்ஸ் புள்ள சர்ச்சுக்குப் போறவதானே?” என்றார் செயலாளர்.

“போறா சார். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போறேன். இங்க ஸ்கேட்டிங் பண்ண வர்றோம்.”

நான் வாசலில் இருந்தபடியே வாயைத் திறந்தேன். “பிரேயர் இல்ல சார், தினம் நான் பாக்குறேன்.”

“நீ சும்மா இருப்பா. பெருக்குறதுதான் உன் வேலை.”

ஜெபமாகவே இருந்தால்தான் என்ன குடி முழுகிப்போயிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அது ஜெபம் இல்லை என்று அவருக்கும் தெரியும். அந்தப் படம் எடுப்பதற்கு முந்தின வாரமே சங்கத்து ஆட்கள் அளவு டேப் பிடித்துத் தரையை அளந்துகொண்டு போனார்கள், வலை கட்டி ஆடுகிற பாக்ஸ் கிரிக்கெட்டுக்குப் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரிக்க. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சாக்கு. ரிங்கைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கடைசி நாளில் பெண்கள் டேப்பைக் கிழித்தார்கள், ஒருத்தியும் அழவில்லை. கேப்டன் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். “வச்சிருங்கண்ணா. எடம் கெடைச்சதும் வந்து வாங்கிக்கிறேன்.” தொம்மலூரில் ஒரு கார் நிறுத்தும் இடத்தைக் கேட்டார்களாம், அங்கேயும் இல்லை என்றுவிட்டார்கள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் அந்தப் புல்லில் ஒரு பையன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவன் அவுட்டா இல்லையா என்று மற்றவர்கள் அவன் தலைக்கு மேலேயே சண்டை போட்டார்கள். நான் துடைப்பத்தை வைத்துவிட்டு ஒரு முட்டியை ஊன்றினேன். “என்னண்ணா, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்றான் ஒருவன். ஆமாம் என்றேன்.

இன்று காலை கிரிக்கெட் மட்டைகளை அடுக்கி மாலை போட்டார்கள். செயலாளரே கற்பூரம் காட்டினார். நான் வீட்டுக்கு வந்து இந்தக் கயிற்றுக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், இரண்டு முட்டியையும் போட்டுக் கும்பிட்டேன். இதுதான் நிஜமான பிரேயர். யார் வேண்டுமானாலும் வந்து படம் எடுத்துக்கொள்ளட்டும்.

லிங்கராஜபுரம்,
ஆயுத பூஜை அன்று மத்தியானம்.