காலரா நோட்டீஸ் எழுதிய கோடை

சர்க்கார் நோட்டீஸ் எழுதுவது லேசான வேலை. யாரும் முழுசாகப் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்திலேயே எழுதலாம். படித்துத் தலை சுற்றிப்போன அன்பர்களே, நாற்பதுகளில் அரியலூர்ப் பக்கம் சுகாதார ஆபீஸ் ஒன்றில் அவற்றை எழுதிய குமாஸ்தா நான். உங்களைப் போல நானும் அதில் மாட்டிக்கொண்டவன்தான்.

ஆட்டுக்குப் போக மீதி

அந்தக் கோடையில் காலரா பரவியது. எங்கள் நோட்டீஸில் முக்கால்வாசி சட்டப் பிரிவும் அதிகாரிகளின் பதவியும்தான். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது கடைசி வரி. செட்டிகுளம் பக்கம் ஒரு சுவரில் கஞ்சிப் பசை தடவி ஒட்டிவிட்டு வந்தோம். மறுநாள் பார்த்தால், வாய்க்கு எட்டியவரை ஆடு தின்றிருந்தது. மிச்சத்தை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஆபீசருங்க யாரு யாருன்னு தெரிஞ்சிச்சுங்க. எதுக்கு ஒட்டியிருக்குன்னுதான் தெரியலை."

தண்டோரா

சரி, காதில் போட்டால் ஏறும் என்று தண்டோரா போடச் சொன்னார்கள். ஈ, சாக்கடை, பழைய சோறு, கிணறு, வெள்ளரிப்பிஞ்சு என்று ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். தண்டோராக்காரர் மூச்சுவாங்கச் சொல்லி முடித்தார். மனசு ஒரு கைப்பிடி அளவுதான். மூட்டையைக் கொட்டினால் சிந்தத்தான் செய்யும். கிணற்றடியில் பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "வெள்ளரிப்பிஞ்சு திங்கக் கூடாதாம் சார். மத்தது ஒண்ணும் மனசுல நிக்கலை."

மேலதிகாரி

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, 'கிணற்றில் காலரா. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்று மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினேன். மேலதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போடுவதற்குள் ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு தெருவில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. கையெழுத்துப் போடும்போது அவர் கேட்டது இதுதான்: "இவ்வளவுதான்னா, ஆபீஸ்னு ஒண்ணு எதுக்குய்யா?"

வாத்தியார் வீட்டுச் சுவர்

புது நோட்டீஸை அந்தத் தெருவுக்கு நானே கொண்டுபோனேன். காலராவில் செத்துப்போன ஒரு வாத்தியாரின் வீட்டுச் சுவரில் ஒட்டும்போது, அவர் மனைவி வெளியே வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். முடித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "முன்னாடி ஒட்டினதை அவரு ரெண்டு தரம் படிச்சாருங்க. ஏதோ சர்க்கார் சமாசாரம், நமக்கில்லைன்னுட்டாரு. இதேதான் அதுலயும் இருந்துச்சா?"

ஆபீஸ் ரிக்கார்டுப்படி, இரண்டு நோட்டீஸுமே பொதுமக்களுக்கு உரிய முறையில் அறிவிக்கப்பட்டவைதான்.