சத்தம் நின்ற வால்வு

புனேயில் ஹடப்சர் பக்கம் ஒரு டீசல் இன்ஜின் கம்பெனியில் சந்தானம் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். இன்ஜினை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கும் கூடத்தில். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்தார்கள். அதை வைத்தால் இன்ஜின் பேசுவது கேட்காது என்று சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு திரிந்தார். ஆள்குறைப்பு வந்ததும் ஏரவாடாவில் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு, பழைய கார்களைப் பார்க்க ஆரம்பித்தார். நல்ல பெயர் கிடைத்தது. அதற்குள் காது போக ஆரம்பித்திருந்தது.

முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. பிறகு பேச்சில் பாதி போயிற்று. மனைவி கனகவல்லி, "என்னங்க, ஆஸ்பத்திரில காட்டி ஒரு மிஷின் வாங்கி வெச்சுக்குங்களேன்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காதுல மிஷின் வெச்ச மெக்கானிக்கிட்ட எவன்டி வண்டி குடுப்பான்?" என்பார். வாடிக்கையாளர் பேசும்போது உதட்டைப் பார்த்துக்கொள்வார். பிடிபடாததை ஊகித்துக்கொள்வார். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

விஷ்ராந்த்வாடியிலிருந்து வரும் முகுந்த் ஐ.டி.யில் வேலை பார்ப்பவன், சென்னைக்காரன். வண்டு மாதிரி முதுகு வளைந்த பழைய கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருந்தான். இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் அதைக் குளிர்விக்க வேண்டும். ஜனவரியில் அந்த வண்டியைத் திறந்த சந்தானம், மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இடைவெளி மூடிக்கிடந்தது.

திருகைத் தளர்த்தி இடைவெளியைச் சரிசெய்துவிட்டு முகுந்தைக் கூப்பிட்டார்.

"டிக் டிக்னு கேக்குதா சார்? அந்த இடைவெளிதான் அப்படிப் பேசுது. சத்தம் போடற வால்வு நல்ல வால்வு. சத்தம் நின்னுபோச்சுன்னா சூட்டுல வால்வு நீளுதுன்னு அர்த்தம். கழுத்து மெலிஞ்சு, ஒரு நாள் தலை முறிஞ்சு உள்ள விழுந்துடும். மறுபடி நின்னா உடனே கொண்டாங்க. இன்ஜினை இறக்கியே ஆகணும்."

முகுந்த் அதை மறக்கவில்லை. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தான். இன்ஜினை அணைக்காமலே, கண்ணாடியை இறக்கிப் பேசினான். பக்கத்து பங்க்சர் கடையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"சந்தானம் சார், மூணு நாளா அந்த டிக் டிக் சத்தமே இல்ல. காலைல அப்பாவைக் கூட்டிண்டு கோலாப்பூர் போறேன். பாத்துடலாமா?"

சந்தானத்துக்கு 'டிக் டிக் சத்தம்' என்பது கிடைத்தது. 'கோலாப்பூர்' கிடைத்தது. நடுவில் இருந்த 'இல்ல' கிடைக்கவில்லை. சத்தம் கேட்கிறதே என்று பயப்படுகிறான் என ஊகித்துக்கொண்டார். பின்பக்கம் போய், வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் மூடியில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியில் கைவைத்துப் பார்த்தார். அதிர்வு எப்போதும்போலத்தான் இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

"அது அப்படித்தான் சார் இருக்கும். நல்லதுதான். பயப்படாம போயிட்டு வாங்க."

மறுநாள் காலை கோலாப்பூர் வழியில் கம்பட்கி காட் மலைப்பாதை ஏற்றத்தில் வால்வின் தலை முறிந்து உள்ளே விழுந்தது. இன்ஜின் இறுகி, வண்டி வளைவிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த டெம்போ, பிரேக் போட்டும் நிற்காமல் வந்து மோதியது. முகுந்துக்குக் கையில் ஆறு தையல். பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் அப்பா கிருஷ்ணஸ்வாமிக்கு இடுப்பு நொறுங்கியது. இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

யாரும் சந்தானத்தைக் குறை சொல்லவில்லை. பழைய வண்டி, மலைப்பாதை, விதி என்றார்கள். நசுங்கிய காரை மூன்று வாரம் கழித்து முகுந்தே கொட்டகைக்கு இழுத்து வந்தான். "என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்" என்றான்.

சந்தானம் இன்ஜினைப் பிரித்தார். மூன்றாவது பிஸ்டன் நடுவில் வால்வின் தலை ஆணி அறைந்ததுபோலப் பதிந்திருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே, "சத்தம் நின்னா கொண்டாங்கன்னு சொன்னேனே சார்" என்றார்.

முகுந்த் ஏதோ சொன்னான். உதடுகள் வேகமாக அசைந்தன. சந்தானம் முதல்முறையாக, "கேக்கல சார். எழுதிக் காட்டுங்க" என்றார்.

முகுந்த் அவரை ஒரு கணம் வெறித்துப் பார்த்தான். பிறகு செல்போனில் தட்டி நீட்டினான். 'சத்தம் நின்னுடுத்துன்னு சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். நீங்க நல்லதுதான்னு சொன்னேள்.'

சந்தானம் அதை இரண்டு தடவை படித்தார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகுந்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவன் கத்தவில்லை. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டான்.

அடுத்த வாரமே கனகவல்லி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் மிஷின் வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு அவர் முதலில் போன இடம் விஷ்ராந்த்வாடி. கிருஷ்ணஸ்வாமி ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். முகுந்த் வீட்டில் இல்லை.

"சார், எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா மறைச்சேன். உங்க பையன் சரியாத்தான் சொல்லியிருக்காரு. தப்பு என்னோடது."

பெரியவர் சக்கர நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"இன்னொரு தரம் சொல்லுன்னு கேக்கறதுக்கு எவ்வளவு நாழி ஆயிருக்கும்?"

சந்தானத்தின் கை காதிலிருந்த மிஷினுக்குப் போயிற்று.

"போயிட்டு வாங்கோன்னு சொல்ல என்னால முடியாது," என்றார் கிருஷ்ணஸ்வாமி. "போங்கோ."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. சந்தானம் கும்பிட்டுவிட்டு மாடிப்படி இறங்கினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் கனகவல்லியிடம் சொன்னார். அவள் ஆறுதல் சொல்லவில்லை. "கை கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லித் தட்டை வைத்தாள்.

இப்போது அவர் ஹடப்சரில் ஒரு சின்ன யூனிட்டில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார். பழைய வண்டியோடு இன்னும் சிலர் ஏரவாடாவுக்குத் தேடி வருகிறார்கள். கனகவல்லிதான் வாசலுக்குப் போய், "காம் பந்த் கேல", வேலையை நிறுத்தியாச்சு என்று மராத்தியில் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள்.