தனலட்சுமியின் ஞாயிற்றுக்கிழமைத் தாள்கள்

தனலட்சுமி இறந்துவிட்டார் என்று அவருடைய அண்ணன் சேகர் கிள்ளானிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, நான் பூச்சோங்கில் வீட்டுக் குழாயைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். "சார், தங்கச்சி போயிட்டா சார். காலையில பசியாறிட்டுதான் உக்காந்தா. நெஞ்சு வலிக்குதுன்னா, அவ்வளவுதான்" என்றார். அவர் பேசி முடித்த பிறகும் நான் ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அவரோடு வேலை செய்த நீங்கள் எல்லோரும் அவரைத் தனம் என்றுதான் அழைத்தீர்கள். நானும் அப்படித்தான். காற்றின் தூய்மையைக் கவனிக்கும் நம் அலுவலகத்தில் அவர் களப் பிரிவு, நான் கணினிப் பிரிவு. சில கட்டடங்களின் மாடிகளில் காற்றை உறிஞ்சும் இயந்திரங்கள் இருந்தன. அவற்றில் வெள்ளைத் தாளைப் பொருத்திவிட்டு, மறுநாள் சாம்பல் நிறமாகிவிட்ட தாளை எடுத்து வருவது தனத்தின் வேலை. மற்றவர்கள் சனிக்கிழமை போட்ட தாளைத் திங்கட்கிழமைதான் எடுப்பார்கள். தனம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் தாளை மாற்ற வேனை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போவார். ஏன் என்று கேட்டால், "ஞாயித்துக்கிழமை யாரும் மூச்சு விடறதில்லையா?" என்பார்.

அந்தக் காலத்தில் வேலை நாட்களில் மதியம் நாங்கள் நாலைந்து பேர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். தாள் உறைகளை அலுவலகத்தில் வைத்துவிட்டு வர அவருக்கு மனம் வராது. பக்கத்து நாற்காலியில் அவற்றை வைத்து, ரசம் தெறிக்காமல் கைக்குட்டையால் மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். கடைக்கார அண்ணன், "அவங்களுக்கும் எலை போடவா?" என்று கேலி செய்வார். அதற்குத் தனம் சிரிக்கும் சிரிப்பும் அந்தக் கடையின் மின்விசிறிச் சத்தமும் இப்போதும் எனக்குக் கேட்கின்றன.

எண்பதுகளின் பிற்பகுதியில் அண்டை நாடுகளோடு சேர்ந்து ஒரு வேலை தொடங்கியது. நச்சுத் தூசி காற்றோடு எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது, யாருடைய புகைபோக்கியிலிருந்து கிளம்பி யார் வீட்டில் இறங்குகிறது என்று கணினியில் கணக்கிடும் வேலை. காற்றின் திசையும் வேகமும் அந்த நாடுகளிலிருந்து டெலெக்ஸ் என்ற தந்தி இயந்திரத்தில் வரும். நான் அவற்றை வைத்து, காற்று வந்த வழியைப் பின்னோக்கி வரைவேன். கிள்ளான் தாள்களில் ஈயம் அதிகமாக இருந்தது. என் கோடுகளோ கடல் நீரிணையைத் தாண்டி அண்டை நாட்டுக்குப் போயின. ஈயம் வெளியிலிருந்துதான் வருகிறது என்று அறிக்கை எழுதி முடித்தேன். கோலாலம்பூரில் கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

அப்போதுதான் தனம் என் மேசைக்கு வந்தார்.

"மணியம், காத்துக்கு ஞாயித்துக்கிழமை லீவா?"

எனக்குப் புரியவில்லை. அவர் தாள்களின் அளவுகளை வாரம் வாரமாக எழுதிக் காட்டினார். எந்த வாரத்தை எடுத்தாலும் ஞாயிறு மட்டும் ஈயம் மிகக் குறைவு.

"அங்கேருந்து வர்ற தூசி ஒரு வாரம் ஒரு நாள்ல வரும், இன்னொரு வாரம் ரெண்டு நாள் ஆகும். நீங்க போட்ட கணக்குதானே? அப்புறம் எப்படி எல்லா வாரமும் கரெக்டா ஞாயித்துக்கிழமை மட்டும் நிக்குது? இது பக்கத்துலேயே இருக்குற அடுப்பு."

"எந்த அடுப்பு?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க அண்ணன் வேலை செய்யற பட்டறை. பழைய கார் பேட்டரிய உடைச்சு ஈயத்த உருக்குறாங்க. நம்ம மெஷின் இருக்குற கிளினிக்குக்குப் பின்னால, நடந்து போற தூரம்தான். அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தனம், ரிப்போர்ட் முடிஞ்சிருச்சு. இத இப்ப கிளப்பாதீங்க. நாட்டுக்கும் அசிங்கம், உங்க அண்ணனுக்கும் வேலை போயிரும். பேசாம உள்ள வைங்க."

தனம் தாள்களை அடுக்கினார். "வேலை போகும், தெரியும். ஆனா அவரு வயித்தப் பிடிச்சிக்கிட்டு உக்கார்றத நான்தானே பாக்கறேன். கையில தம்ளரு நிக்க மாட்டேங்குது மணியம்" என்று சொல்லிவிட்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் அதைக் கேட்டு அளவுகளை வாரம் வாரமாகப் பார்த்தாராம். கடைசியில், "கூட்டத்தில் நீங்களே சொல்லுங்கள்" என்றாராம்.

கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் 'காற்றுக்கு எல்லை இல்லை' என்றே தொடங்கினார்கள். தனம் என் காதருகே, "எல்லை இல்லைன்னு சொல்றவங்கதான் மொதல்ல அடுத்தவன் பக்கம் கை காட்டுவாங்க லா" என்றார். எதிரே நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த அதிகாரி பாக் ரஹ்மான், அதாவது ரஹ்மான் ஐயா, எங்களோடு சண்டை போடத் தயாராக ஒரு தடித்த கோப்போடு உட்கார்ந்திருந்தார். தனம் எழுந்து மலாய் மொழியில் சொன்னார்: "கிள்ளானில் நாங்கள் அளந்த ஈயம் உங்களுடையது அல்ல. எங்களுடையது. பட்டறை எங்கே இருக்கிறது என்றும் எங்களுக்குத் தெரியும்."

பாக் ரஹ்மான் கோப்பைத் திறக்கவே இல்லை. மறுநாள் காலை அவர் தனத்திடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார். அதுவரை எங்களுக்குத் தராமல் வைத்திருந்த, அவர்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளின் பட்டியல். அதன்பின் அவர்களுடைய டெலெக்ஸ் ஒருநாளும் தவறியதில்லை. பிற்பாடு புகைமூட்டம் வந்து கிள்ளான் பள்ளத்தாக்கே மறைந்த நாட்களில், நாளைக்குப் புகை எந்தப் பக்கம் திரும்பும் என்று நம்மால் சொல்ல முடிந்ததே, அதற்கு அந்தக் காலைதான் ஆரம்பம்.

பட்டறையை மூடினார்கள். சேகர் அண்ணனின் இரத்தத்தில் ஈயம் இருப்பதை மருத்துவமனையில் கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தார்கள். வேலை போன கோபத்தில் அவர் தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மூன்று தீபாவளிக்கும் தனம் தன் வீடு இருந்த சாலாக் செலாத்தானிலிருந்து முறுக்கு டின்னோடு கிள்ளானுக்குப் போனார். அண்ணன் அறையை விட்டு வெளியே வரமாட்டார், அண்ணிதான் வாங்கிக்கொள்வார். என்ன ஆயிற்று என்று கேட்டால் தனம், "முறுக்கு உள்ள போயிருச்சு. ஆளு பின்னால வருவாரு" என்பார்.

நாலாவது வருடம் அண்ணனோடு பட்டறையில் வேலை செய்த ஒருவர் ஈய நஞ்சால் கைகால் முடங்கிப் படுத்தார். சேகர் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு, அப்போது ஓட்டிக்கொண்டிருந்த லோரியை அங்கிருந்து நேராக சாலாக் செலாத்தானுக்கு ஓட்டி வந்தாராம். கதவைத் திறந்த தங்கையிடம் அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "பசியாற என்ன இருக்கு?" என்றுதான் கேட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் தனம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார்.

பதினாறாம் நாள் காரியத்தில் உங்களில் பலரைப் பார்த்தேன். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். சேகர் அண்ணனும் அதையே சொல்லிக் கும்பிட்டார். அன்று கோலாலம்பூர் கூட்டத்தின் முடிவில், இதைக் கண்டது யார் என்று கேட்டபோது தனம், "மணியமும் நானும்" என்று சொன்னதுதான் காரணம். கூட்டக் குறிப்பேட்டில் இரண்டு பெயரும் ஏறின. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "உங்க கணக்கு இல்லேன்னா என் தாளுக்கு யாரு காது குடுப்பா? விடுங்க லா" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இப்போதும் ஒரு கணக்கு எனக்குச் சாதகமாக முடிந்தால் சந்தேகம் வருகிறது. மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறேன். தனத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பழக்கத்தை மட்டும்தான். பெயரில் பாதியை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. கண்டுபிடித்தவர் தனலட்சுமி ஒருவரே. மூடி வைக்கச் சொன்னவன் நான்.